ஆண்டெனாவில் வரும் உரிமை

2019 ஜூலை 21 அன்று மலேசியாவின் லங்காவித் தீவில் அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்தினார்கள். அடுத்த மூன்று மாதங்களில் தீபகற்பத்தின் மற்றப் பகுதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக டிஜிட்டலுக்கு மாறின. அக்டோபர் 31-இல் சபாவும் சரவாக்கும் மாறியதோடு, 1963 டிசம்பர் 28-இல் துங்கு அப்துல் ரஹ்மான் தொடக்கி வைத்த ஒளிபரப்பு முறை ஏறக்குறைய 56 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்தது.

அந்த மாதங்களில் நம்மிடையே நடந்த பேச்சு முழுக்கக் கருவியைப் பற்றியது. எந்த டிகோடர் வாங்குவது, பழைய டிவியில் வேலை செய்யுமா, யாருக்கு இலவசமாகக் கிடைக்கும் என்று கேட்டோம். தேவையான கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. காற்றலை என்பது நாட்டின் பொதுச் சொத்து. டிஜிட்டலுக்கு மாறும்போது அந்தச் சொத்தின் பெரும்பகுதி மிச்சமாகிறது. மிச்சமானதை யாருக்கு, எதற்காகக் கொடுப்பது? உலக நாடுகள் ஒவ்வொன்றும் இதற்கு ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கின்றன. அந்தப் பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் கேட்காமல் விட்டது எது என்பது தெளிவாகும். அதை இன்றும் கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்காசாபுரியும் தோட்டத்து மண்டபமும்

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளான் பக்கம் போகிறவர்களுக்கு, பிரிக்பீல்ட்ஸ் பின்னே போன சில நிமிடங்களில் அங்காசாபுரி நிலையம் வரும். அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் தலைமையகம் அங்கேதான். 1969-இல், இரண்டாவது அலைவரிசை தொடங்கிய அதே ஆண்டில், தொலைக்காட்சி அந்த வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. 1978 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பு வந்தது. இன்று மின்னல் எஃப்எம் என்று நாம் அறிந்த தமிழ் வானொலியும், இரண்டாம் அலைவரிசையின் தமிழ்ச் செய்தியும், தமிழ்ப் படங்களும் அங்கிருந்துதான் நம் வீடுகளுக்கு வந்தன.

கிள்ளானைச் சுற்றி ரப்பரும் செம்பனையும் நின்ற காலத்தில் லயத்து வீடுகளில் தனித்தனியாகப் பெட்டி வாங்க வசதி இருக்கவில்லை. தோட்டத்து மண்டபத்தில் ஒரு பெட்டி இருக்கும். ஜெனரேட்டர் ஓடும் நேரம்தான் பார்க்கும் நேரம். தமிழ்ப் படம் போடும் நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள். பால் வெட்டும் தொழிலாளியும், கிராணியும், பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரே திரையில் ஒரே செய்தியைப் பார்த்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தவர்களும் அதே நேரத்தில் அதையேதான் பார்த்தார்கள்.

நினைவின் இனிமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு ஏற்பாட்டின் இலக்கணம் அதில் இருக்கிறது. ஆண்டெனா ஒன்று, பெட்டி ஒன்று, 1999 வரை ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம். அவ்வளவு இருந்தால் நீங்களும் நாட்டின் பார்வையாளர். மாதச் சந்தா இல்லை. பணம் கட்டவில்லை என்று யாரும் இணைப்பைத் துண்டிக்க முடியாது. தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு; குறை சொல்லிக்கொண்டேதான் பார்த்தோம். இருந்தும் அது பொதுமேடையில் கிடைத்த நேரம். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் அலைவரிசையைத் திருப்பும்போது தமிழ் அவர்கள் காதிலும் விழுந்தது.

தமிழ் கூரைக்கு ஏறியது

1996 ஜனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அதே ஆண்டு அஸ்ட்ரோ சந்தாத் தொலைக்காட்சி வந்தது. அதோடு வானவில் என்ற தமிழ் அலைவரிசை வந்தது. வாரத்துக்குச் சில மணி நேரமாக இருந்த தமிழ் ஒரே பாய்ச்சலில் நாள் முழுவதும் என்றானது. தமிழ்நாட்டுத் தொடர்கள் வந்தன. அதைவிட முக்கியமாக, மலேசியத் தமிழ்க் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் ஒரு தொழிற்களம் பிறந்தது. உள்ளூர் நாடகத்துக்கும் பாட்டுக்கும் அது கொடுத்த இடத்தை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் ஒரு விலையும் இருந்தது. முழுநேரத் தமிழ் என்பது கூரையில் டிஷ் வைத்துச் சந்தா கட்டுகிறவர்களுக்குரியதாயிற்று. பால்மரம் வெட்டியவர்களின் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறி, அவர்கள் குறைந்த விலை மாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்த ஆண்டுகளும் இவைதான். அந்த வீடுகளின் மாடங்களில் வரிசையாகத் தெரியும் டிஷ்களைப் பார்த்து, இவர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று வியந்தவர்கள் உண்டு. அரிசி, பள்ளிச் செலவு, வாடகை ஆகியவற்றோடு தாய்மொழியும் மாதச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக ஏறிவிட்டது என்பதுதான் அதற்குப் பொருள். 2012-இல் அஸ்ட்ரோவின் சந்தா இல்லாத என்ஜோய் சேவை வந்தது. முதலில் கருவி வாங்கினால் போதும் என்பது ஓரளவு ஆறுதல். ஆனாலும் அது ஒரு தனியார் நிறுவனத்தின் ஏற்பாடு. எந்த அலைவரிசை அதில் இருக்கும், எது இருக்காது என்று முடிவு செய்வது அந்த நிறுவனம்.

இன்னொன்றும் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலை மிகக் குறுகியது; கனத்த மழைத்துளிகள் அதை விழுங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை மழை எப்படிப் பெய்யும் என்று தெரிந்தவர்களுக்கு, இடி இறங்கும் நேரத்தில் திரையில் சேவை இல்லை என்ற அறிவிப்பு வருவது பழகிப்போன காட்சி. தரைக் கோபுரத்திலிருந்து வரும் யுஎச்எஃப் அலை மழைக்கு இந்த அளவு அசையாது. நகரத்தில் வெள்ளம் ஏறும் நேரத்தில் எந்த வழி திறந்திருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

நாடுகள் பிரிந்த நான்கு வழிகள்

வண்ணத் தொலைக்காட்சி வந்தபோதே உலகம் மூன்றாகப் பிரிந்திருந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் என்டிஎஸ்சி, பிரான்சும் சோவியத் ஒன்றியமும் சேகாம், பிரிட்டனும் மேற்கு ஜெர்மனியும் பால். மலேசியாவும் சிங்கப்பூரும் இந்தியாவும் இலங்கையும் பால் முறையோடு போயின. டிஜிட்டல் வந்தபோது இந்த வேறுபாடுகள் தீர்ந்து உலகம் ஒன்றாகும் என்று பலர் நம்பினார்கள். ஆனால் நான்கு பெரிய முறைகள் முளைத்தன: ஐரோப்பாவின் டிவிபி-டி, அமெரிக்காவின் ஏடிஎஸ்சி, ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி, சீனாவின் டிடிஎம்பி.

இவற்றின் உள்வேறுபாடு பொறியாளர்களுக்கு மட்டும் உரியதல்ல. பழைய அனலாக் படத்தில் உருவத்துக்குப் பக்கத்தில் அதே உருவம் நிழலாக நிற்பதைப் பார்த்திருப்போம். கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், உயரமான கட்டடத்தில் மோதித் தாமதமாக வரும் அலையும் சேர்ந்து செய்த கோளாறு அது. கோலாலம்பூர் போன்ற நகரத்தில் இந்த எதிரொலிதான் ஒளிபரப்பின் முதல் எதிரி. ஐரோப்பிய முறை இதற்கு ஒரு வழி கண்டது. செய்தியை ஒரே வேகமான அலையில் ஏற்றாமல், ஆயிரக்கணக்கான மெதுவான சிற்றலைகளுக்குப் பங்கிட்டது. இரண்டாம் தலைமுறையான டிவிபி-டி2-இல் இந்தச் சிற்றலைகள் 27,000-க்கும் மேல் போகும். திருவிழாத் தேரின் வடத்தை ஊரே சேர்ந்து பிடித்து இழுக்கும்போது நாலு பேர் கை நழுவினாலும் தேர் நிற்காது அல்லவா, அப்படித்தான் இதுவும். சில சிற்றலைகள் கட்டடத்தில் மோதிச் சிதைந்தாலும் மற்றவை படத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பக்கத்துப் பக்கத்துக் கோபுரங்கள் ஒரே அலையெண்ணில் ஒளிபரப்பவும் இதனால்தான் முடிகிறது, அலைக்கற்றை மிச்சமாகிறது.

அமெரிக்கா ஒற்றை அலை முறையைத் தேர்ந்தெடுத்தது. பரந்த நிலப்பரப்பை ஒரே கோபுரத்தால் எட்ட வேண்டும், படம் உயர்தரத்தில் இருக்க வேண்டும் என்பதே அங்கே முதல் அக்கறை. நகரத்து எதிரொலிகளோடு அது நெடுங்காலம் மல்லுக்கட்டியது. 2017-இல் அனுமதி பெற்ற அதன் அடுத்த தலைமுறை, சிற்றலை முறைக்கே வந்து சேர்ந்தது. ஜப்பான் ஒரு அலைவரிசையை 13 துண்டுகளாக வெட்டி, அதில் ஒரு துண்டைக் கைப்பேசிக்கென்று ஒதுக்கியது. ரயிலில் நின்றபடி செய்தி பார்க்கும் மக்கள், எந்த நேரமும் நிலம் குலுங்கக்கூடிய நாடு: இரண்டையும் மனத்தில் வைத்து வகுத்த முறை அது. பேரிடர் எச்சரிக்கை அதன் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. சீனா 2006-இல் சொந்தமாக ஒரு முறையை அறிவித்தது. வெளிநாட்டுக் காப்புரிமைகளுக்குக் கப்பம் கட்டக்கூடாது என்பது அதன் கணக்கு. ஆக, ஒவ்வொரு நாடும் தன் முதல் அக்கறை எது என்பதை அந்தத் தேர்வில் எழுதி வைத்திருக்கிறது.

ஆசியான் நாடுகள் பொதுவாக ஐரோப்பிய வழியில் போக முடிவு செய்தன. பிலிப்பீன்ஸ் மட்டும் ஜப்பானிய முறைக்குச் சென்றது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து எல்லாம் இன்று டிவிபி-டி2 குடும்பம். ஜொகூர் பாருவில் வாங்கிய பெட்டி பாலத்துக்கு அந்தப் பக்கத்து அலையையும் படிக்கும். கடலும் எல்லையும் அலைக்குத் தெரியாது என்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபோது, தென் தமிழகக் கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி அதைப் பார்த்தார்கள்.

மாறிய விதம், விட்டுப்போனவர்கள்

முறையைத் தேர்ந்தெடுப்பது பாதி. மக்களை எப்படி அழைத்துப் போகிறோம் என்பது மறுபாதி.

பிரிட்டன் 1998-இலேயே தரைவழி டிஜிட்டலைத் தொடங்கியது. முதலில் அதைச் சந்தாத் தொழிலாக நடத்திப் பார்த்தார்கள். 2002-இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் ஃப்ரீவியூ என்ற பெயரில் கட்டணமில்லாமல் கொடுத்தார்கள். நாடே அதற்கு மாறியது. தரைவழி என்றால் மக்கள் அதைப் பொதுச் சேவையாகத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்ற பாடம் அங்கே கிடைத்தது. நமது தரைவழி டிஜிட்டல் சேவையான மைஃப்ரீவியூ அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, வட்டாரம் வட்டாரமாக அனலாக்கை அணைத்தார்கள். 75 வயதைக் கடந்தவர்களுக்கும் உடற்குறை உள்ளவர்களுக்கும் வீட்டுக்கே வந்து பெட்டியை மாட்டிக்கொடுக்கத் தனித் திட்டம் இருந்தது. அமெரிக்கா வீட்டுக்கு இரண்டு 40 டாலர் கூப்பன் கொடுத்தது. அதற்கும் மக்கள் தயாராகவில்லை என்று தெரிந்ததும், அனலாக் நிறுத்தத்தை 2009 பிப்ரவரியிலிருந்து ஜூன் 12-க்குத் தள்ளிப்போட்டது. ஜப்பான் 2011 ஜூலை 24-இல் அனலாக்கை நிறுத்தியபோது, நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் நொறுங்கிய இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மாநிலங்களுக்கு மட்டும் அடுத்த மார்ச் இறுதிவரை அவகாசம் கொடுத்தது. சுவிட்சர்லாந்தின் பொது ஒளிபரப்பு நிறுவனமோ தரைவழியைப் பார்க்கும் வீடுகள் மிகக் குறைவு என்று சொல்லி, 2019 ஜூனில் டிஜிட்டல் கோபுரங்களையே அணைத்துவிட்டது.

இந்தியா வேறொரு திசையில் போனது. தூர்தர்ஷனின் ஆயிரத்துக்கு மேற்பட்ட அனலாக் கோபுரங்கள் ஒரு காலத்தில் நாட்டை மூடியிருந்தன. ஆனால் கேபிளும் டிடிஎச்சும் வீடுகளைப் பிடித்துக்கொண்டன. தூர்தர்ஷனே 2004 இறுதியில் கட்டணமில்லாச் செயற்கைக்கோள் சேவையைத் தொடங்கியது. 2016-இல் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் டிவிபி-டி2 தொடங்கியபோது ஆண்டெனாவைப் பார்க்க ஆளில்லை. பெரும்பாலான அனலாக் கோபுரங்கள் 2022 வாக்கில் ஓய்ந்தன. அதை ஒரு இழப்பாக யாரும் உணரவில்லை.

இலங்கையின் கதை மனத்தை வருத்துவது. முதலில் ஐரோப்பிய முறை என்றார்கள். 2014-இல் ஜப்பானிய முறைக்கு மாறினார்கள். கொழும்பில் சீனக் கடனுதவியோடு 350 மீட்டர் உயரத்துக்குத் தாமரைக் கோபுரம் எழுந்தது. 2019-இல் திறப்பு விழா கண்டு, 2022-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தது. ஒரு நாட்டின் முறை, இன்னொரு நாட்டின் கோபுரம், மூன்றாம் நாட்டின் பழைய திட்டம் என்று அடுக்கியதில், டிஜிட்டல் மாற்றம் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் தமிழ் ஒளிபரப்புக்குக் கிடைத்திருக்கக்கூடிய புது இடமும் அதோடு தள்ளிப்போனது.

நமக்கு மிக நெருங்கிய ஒப்பீடு சிங்கப்பூர். 2008 அக்டோபர் 19-இல் அங்கே தமிழ் ஒளிபரப்பான வசந்தம் முழு அலைவரிசையாக மாறியது. அதுவரை வேறு நிகழ்ச்சிகளோடு ஒரே அலைவரிசையைப் பங்கிட்டு வந்தது. டிஜிட்டலுக்கு மாறும்போது, கட்டணத் தொலைக்காட்சி இல்லாத அடுக்குமாடி வீடுகளுக்கு அரசு பெட்டியும் ஆண்டெனாவும் இலவசமாகக் கொடுத்தது. 2019 ஜனவரி 2-இல் அங்கே அனலாக் அணைந்தது. மறுநாளும் வசந்தம் ஆண்டெனாவிலேயே, சந்தா இல்லாமல், வந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர்வாசிகளில் இந்திய வம்சாவளியினர், மலேசியாவில் உள்ள சுமார் 20 லட்சம் பேரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

நாம் மாறிய கதை

மலேசியாவின் பாதை மெதுவானது. 2006-இல் ஆர்டிஎம் கிள்ளான் பள்ளத்தாக்கில் தேர்ந்தெடுத்த வீடுகளில் பழைய டிவிபி-டி முறையைச் சோதித்துப் பார்த்தது. பிறகு திட்டம் பலமுறை தள்ளிப்போனது. அந்தத் தாமதத்திலும் ஒரு நன்மை விளைந்தது. 2009-இல் பிரிட்டன் முதன்முதலில் பயன்படுத்திய டிவிபி-டி2 அதற்குள் முதிர்ந்துவிட்டது; அதே அலைக்கற்றையில் கணிசமாகக் கூடுதல் படங்களை ஏற்ற முடிந்தது. 2014-இல் மைடிவி நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்குப் பொது ஒளிபரப்புக் கட்டமைப்பை நிறுவி நடத்தும் பொறுப்பு தரப்பட்டது. 2017-இல் மைஃப்ரீவியூ அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. அரசின் பிஆர்1எம் பண உதவி பெற்ற குடும்பங்களுக்கு டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. நாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஏழை வீடுகளை விட்டுவிடவில்லை.

பெட்டி வந்த பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கூரை ஆண்டெனாவின் நீண்ட கம்பிகள் விஎச்எஃப் அலைக்கானவை. புதிய ஒளிபரப்பு முழுதும் யுஎச்எஃப். அதற்குக் கையகலக் குறுங்கம்பிகள் கொண்ட ஆண்டெனா வேண்டும். கிள்ளான் பக்கத்து மாடி வீட்டில் இருப்பவர், கெந்திங் மலைத்தொடரில் குனோங் உலு காலி கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து அதைத் திருப்ப வேண்டும். அந்தத் திசையில் சன்னல் இல்லாத வீடு என்றால், நடுவில் எதிர் மாடியின் கான்கிரீட் சுவர். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று செருகிகள். மலாய் மொழிப் பட்டியலில் அலைவரிசை தேடும் கட்டளை. பச்சைக் கோடாக ஏறி இறங்கும் அலைவலிமை. அனலாக் காலத்தில் அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும், ஆனால் கதை புரியும். டிஜிட்டலில் ஒரு எல்லைவரை படம் கண்ணாடியாக இருக்கும். அதற்குக் கீழே போனால் உறைந்து, கறுத்து, ஒன்றுமே இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போன பகல் நேரத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு, ஒரு செருகி கழன்றால் அன்றைய தமிழ்ச் செய்தி அவ்வளவுதான். பிரிட்டனைப் போல வீட்டுக்கே வந்து மாட்டிக் கொடுக்கும் கை அவருக்கும் வேண்டியிருந்தது.

மிச்சமான அலைக்கற்றை என்ன ஆயிற்று? 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போனது. 2020-இல் அதை நிறுவனங்களுக்கு ஒதுக்கிய அமைச்சரின் உத்தரவு கேள்விக்குள்ளாகித் திரும்பப் பெறப்பட்டது. பிறகு டிஜிட்டல் நாசியோனல் நிறுவனம் வழியாக 5ஜி வந்தது. கட்டடங்களுக்குள் நன்றாக ஊடுருவும் அருமையான அலை அந்த 700 மெகாஹெர்ட்ஸ். அதை விட்டுக்கொடுத்ததில் நாட்டுக்குப் பொருளாதார நன்மை உண்டு; மறுக்கவில்லை. ஆனால் விட்டுக்கொடுத்தவர்கள் ஆண்டெனா வைத்திருந்த சாதாரணப் பார்வையாளர்கள். பதிலுக்கு அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

கிடைத்தது அலைவரிசைகளின் எண்ணிக்கை. அனலாக்கில் ஒரு படம் மட்டும் ஏறிய இடத்தில் டிவிபி-டி2 பல படங்களை ஏற்றும். விளையாட்டுக்குத் தனி, செய்திக்குத் தனி, பொருள் விற்பனைக்குத் தனி என்று புதிய அலைவரிசைகள் வந்தன. இடமில்லை என்ற பழைய காரணம் அத்தோடு செத்துவிட்டது. இருந்தும் 2019-இல் அனலாக் அணைந்த அந்த மாதத்தில், தீபகற்பத்தில் ஆண்டெனாவில் முழுநேரத் தமிழ் அலைவரிசை ஒன்றுகூட இல்லை. தமிழ் முன்போலவே மற்ற மொழிகளோடு நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டது. வானொலியில் மின்னல் எஃப்எம் நாள் முழுவதும் கட்டணமில்லாமல் ஒலிக்கிறது. அதை யாரும் வீண்செலவு என்று சொன்னதில்லை. தொலைக்காட்சியில் மட்டும் ஏன் அந்த நியாயம் பொருந்தவில்லை?

இனி கேட்க வேண்டியவை

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். விளம்பரச் சந்தை சின்னது என்பார்கள். பொது ஒளிபரப்பு விளம்பரச் சந்தையை நம்பி ஏற்பட்டதல்ல. 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளை நாடு சந்தைக் கணக்குப் பார்த்தா நடத்துகிறது? சந்தா அலைவரிசைகள் இருக்கின்றனவே என்பார்கள். சந்தாவில் கிடைப்பது பொதுவில் இருக்க வேண்டியதில்லை என்றால், மலாய் அலைவரிசைகளும் பொதுவில் இருக்கத் தேவையில்லை என்றாகும். அதை யாரும் ஏற்க மாட்டார்கள். இளைஞர்கள் கைப்பேசியில் பார்க்கிறார்கள் என்பதுதான் வலுவான வாதம். உண்மைதான். ஆனால் இணையத்தில் ஒரே படத்தை ஆயிரம் வீடு பார்த்தால் ஆயிரம் முறை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வீடும் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும். கோபுரத்துக்கு ஒரு வீடும் லட்சம் வீடும் ஒன்றுதான். சுவிட்சர்லாந்துக்குப் பொருந்திய கணக்கு, வாடகை மாடி வீடுகள் நிறைந்த கிள்ளானுக்குப் பொருந்தாது.

2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் கூரைவரை ஏறியதை நாம் மறக்கவில்லை. எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை என்று மக்கள் குமுறினார்கள். மின்சாரமும் கைப்பேசி வலையும் திணறும் அந்த நேரங்களில், மின்கலத்தில் ஓடும் வானொலியும் தரைவழி ஒளிபரப்பும்தான் கடைசிவரை தாங்கும் வழிகள். ஜப்பான் தன் முறைக்குள்ளேயே எச்சரிக்கையை வைத்ததுபோல, நம் ஒளிபரப்பிலும் அது இருக்க வேண்டும். தமிழிலும் இருக்க வேண்டும். முதியவர் ஒருவருக்கு எந்த மொழியில் சொன்னால் உடனே எழுந்து வெளியேறுவாரோ அந்த மொழியில் சொல்வதுதான் எச்சரிக்கை.

தரைவழிக்கு எஞ்சியிருக்கும் அலைக்கற்றை மீதும் கண் விழுந்திருக்கிறது. 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாட்டில், கைப்பேசித் தரப்புக்கும் ஒளிபரப்புத் தரப்புக்கும் 700 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி பற்றித்தான் பெரிய வாதம். ஐரோப்பாவில் இப்போதைக்குத் தொலைக்காட்சிக்கே முதலிடம் என்று முடிந்தது. அடுத்த பத்தாண்டில் அது மீண்டும் மேசைக்கு வரும். மலேசியாவிலோ 2014-இல் கொடுத்த 15 ஆண்டுப் பொறுப்பின் காலம் பாதிக்கு மேல் கழிந்துவிட்டது. அடுத்த ஏற்பாட்டின் நிபந்தனைகள் எழுதப்படும் காலம் தொலைவில் இல்லை. அப்போது மேசையில் நம் கோரிக்கையும் இருக்க வேண்டும்.

கோரிக்கைகள் எளியவை. ஒன்று, ஆண்டெனாவில் கட்டணமில்லாமல் வரும் முழுநேரத் தமிழ் அலைவரிசை ஒன்று. ஆர்டிஎம் நடத்தலாம், அல்லது பொதுநிதியோடு பலர் சேர்ந்து நடத்தலாம். இரண்டு, அதில் மலேசியத் தமிழர் எழுதி நடித்து எடுத்த படைப்புகளுக்கு உறுதியான பங்கு. மூன்று, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பேரிடர் எச்சரிக்கை. நான்கு, மாடி வீடுகளுக்குப் பொது ஆண்டெனாவும், முதியவர்களுக்கு வீட்டில் வந்து சரிசெய்யும் உதவியும். இவற்றைத் தொடர்பு அமைச்சிடமும் பல்லூடக ஆணையத்திடமும் எழுத்தில் வைப்பது தமிழ் அமைப்புகளின் கடமை. கோயில் நிர்வாகங்கள், பள்ளி வாரியங்கள், எழுத்தாளர் சங்கங்கள், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா வணிகர்கள் என்று எல்லோரும் இதில் ஒரே குரலில் நிற்க முடியும். கட்சி வேறுபாடு தடையாக இருக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூருக்கு வசந்தம் தானாக வந்துவிடவில்லை. அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. இலங்கையில் தமிழுக்குரிய புது இடம் தானாகத் தள்ளிப்போகவில்லை. யாரோ எடுத்த, எடுக்காமல் விட்ட முடிவுகள் அதைத் தள்ளின. ஒரு நாட்டின் காற்றலை இப்படிப் புதிதாகப் பங்கிடப்படுவது அரிது. முதல் பங்கீட்டில் நாம் டிகோடரை மட்டும் கேட்டு வாங்கினோம். அடுத்ததில் அலைவரிசையைக் கேட்போம்.